சக்கர் மீனுக்குத் தனியாகப் போட வேண்டும்

சவரி,

கடிதத்தின் தலையில் ஒரு சிலுவையைப் போட்டுவிட்டு, "இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கட்டா பெரியவரே?" என்று பிலோமினா கேட்டாள். வேண்டாம் என்றேன். இதுவரை உனக்குப் போட்ட கடிதமெல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது, ஆனால் அதில் பாதி பொய். இந்தக் கடிதத்தில் பொய் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறேன். பிலோமினாவை உனக்குத் தெரியும். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறாளே, நீ ஷிப்டுக்குப் போகும்போது டீ குடிப்பாயே, அவள்தான். எட்டாவது வரை படித்தவள். எனக்குக் கையெழுத்துக்கூட இல்லை, கட்டைவிரல்தான். அதனால் கடையில் கூட்டம் குறைகிற மத்தியான நேரத்தில் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றி எழுதுவது அவள் வழக்கம், எழுதிக்கொள்ளட்டும். ஆனால் யாராவது பேசியதை நான் சொன்னால், அதை மட்டும் பேசியபடியே எழுத வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத்துதான் வராது. யார் எந்த வார்த்தையை எப்போது சொன்னார்கள் என்பது ஒன்றும் மறப்பதில்லை. அதுதான் இப்போது தொந்தரவு.

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அடுத்த மாதம் ஓசூர் கோயிலில் உனக்குக் கல்யாணம், பெண்ணின் பெயர் ஸ்டெல்லா, உன் கம்பெனியிலேயே வேலை செய்கிறாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அதற்கு அடுத்த வரியை பிலோமினா மெதுவாகப் படித்தாள். "வசதிப்பட்டால் வரவும்." ஊரில் தூரத்துச் சொந்தக்காரனுக்குப் பத்திரிகை வைக்கும்போது சொல்கிற வார்த்தை அது. கீழே இன்னொரு வரி இருந்தது. "சக்கர் ரெண்டும் இருக்கிறதா?" கடிதம் அவ்வளவுதான். அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னேன். நான்காவது தடவை கேட்டபோது அவள், "எத்தினி வாட்டி படிச்சாலும் அதான் கீது பெரியவரே, பதில சொல்லுங்க" என்றாள்.

பதில் இதுதான். ஒன்று செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. நான்தான் கொன்றேன். இன்னொன்று இருக்கிறது.

எப்படி என்று முழுவதும் சொல்கிறேன், பொறுமையாகப் படி. அந்தக் கண்ணாடித் தொட்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனி முன் ஆபீசில் இருந்த தொட்டி. அதை வாங்கி வைத்த மேனேஜர் மாற்றலாகிப் போனதும் புதிதாக வந்தவர், இடத்தை அடைக்கிறது, தூக்கிப் போடுங்கள் என்றார். நீ கேட்டு வாங்கி, இரும்புச் சட்டம் போட்ட அந்தப் பெரிய தொட்டியை மீன்பாடி வண்டியில் வைத்து, மீன்களைத் தனியாக இரண்டு குடத்தில் போட்டு, ஓரகடம் ரோட்டில் நடந்தே கொண்டுவந்தாய். கேட்டில் நின்று நான், "இன்னாடா இது, ஒலைக்கு ஒதவாத மீனு?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். கப்பி, மோலி, வாள்வால், தட்டு மாதிரி அகலமாக இரண்டு ஏஞ்சல், அடியில் கறுப்பாக, தலை பெருத்து, உடம்பெல்லாம் சொரசொரவென்று இரண்டு மீன். அந்த இரண்டையும் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் கண்ணுக்கு அழகாக ஓடுகிறது, இது இரண்டும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கல்லுப்போலக் கிடக்கிறதே என்றேன். "அது சக்கர் நைனா. பாசிய தின்னும். அது இருந்தா தொட்டி சுத்தமா இருக்கும்" என்றாய். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அழுக்கைத் தின்று பிழைக்கிற மீன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நீ ஓசூருக்குப் பஸ் ஏறிய அன்று ரோட்டோரம் நின்றுகொண்டு எனக்குச் சொன்னாய்: "காலைல ஒரு சிட்டிகை, சாயந்தரம் ஒரு சிட்டிகை போடு நைனா. சக்கருக்குத் தனியா..." அதற்குள் நான், "எல்லாம் தெரியும்டா, மேலருந்து வுயறத அது தின்னுக்கும், நீ பஸ்ஸப் பாரு" என்றேன். பஸ்ஸும் வந்துவிட்டது. நீ ஏறிவிட்டாய். தனியாக என்ன என்பதை நீ முடிக்கவில்லை, நான் முடிக்க விடவில்லை. முப்பது வருஷம் கம்பெனி கேட்டில் வாச்மேனாக நின்றவன் நான். எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, அதன் நம்பர் பலகை எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பெற்ற பிள்ளை சொல்லவந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு முடிக்க எனக்குப் பொறுமை இல்லை.

நீ போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். பெண் லூர்துவும் கல்யாணமாகி அரக்கோணம் போய்விட்டாள். உன் அம்மா போய் எத்தனையோ வருஷம். அந்தத் தொட்டிதான் வீட்டில் அசைகிற ஒரே பொருள். அதனால் அதன்மேல் எனக்கு ரொம்பக் கரிசனம் வந்துவிட்டது. சனிக்கிழமை தோறும், ஞாயிறு பூசைக்கு முன்னால் வீட்டை மெழுகிப் பாத்திரத்தைத் துலக்குவாளே உன் அம்மா, அந்த நாளில், தேங்காய் நாரை எடுத்துத் தொட்டியின் நாலு பக்கமும் தேய்ப்பேன். அடியில் கிடந்த கூழாங்கல்லைக்கூட எடுத்து, கிணற்றடியில் வைத்து, அரிசி களைகிற மாதிரி களைந்து போடுவேன். ஒரு பொட்டுப் பச்சை இருக்காது. பிலோமினா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி கீதா இல்லியான்னே தெர்ல பெரியவரே, மீனு அந்தரத்துல நீந்துது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிற போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். தீனியும் குறைவில்லாமல் போட்டேன். போட்ட உடனே கப்பியும் மோலியும் மேலே வந்து மொய்க்கும். தப்பி விழுவதை ஏஞ்சல் பாதி வழியிலேயே எடுத்துக்கொள்ளும். அடிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பதை நான் பார்க்கவில்லை. அடியில் யார் பார்க்கிறார்கள்?

மூன்றாம் மாதம் ஒரு சக்கர் மல்லாந்து கிடந்தது. வயசாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பப்பாளி மரத்தடியில் புதைத்தேன். அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது, மீனெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எல்லாம் சுகம், சக்கர் இரண்டும் சுகம் என்று எழுதச் சொன்னேன். பிலோமினா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து தானே புதச்சீங்க? பொய் எழுத எனுக்கு கை கூசுது" என்றாள். "தூரத்துல கீற புள்ள, மனசு கஷ்டப்படுவான், எழுதும்மா" என்றேன். உன் மனசுக்காக இல்லை சவரி. நீ என்னை நம்பி விட்டுப்போன ஒன்றைக்கூட நான் காப்பாற்றவில்லை என்று உனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. அதற்குப் பிறகு உன் கடிதங்கள் குறைந்தன. மே மாதத்தில் பெரும்புதூரில் அந்தப் பெரிய சாவு நடந்து, ஊர் பெயர் எல்லா ரேடியோவிலும் அடிபட்டபோது, தெருவில் எல்லார் வீட்டுக்கும் வெளியூரிலிருந்து பத்திரமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டே போனார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த மே மாதத்துக்கு வெகு முன்னாலேயே, முதல் சக்கர் செத்த கொஞ்ச நாளில், இன்னொரு சக்கர் ஒரு காரியம் செய்தது. இரவு ஏஞ்சலின் விலாவில் வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் ஏஞ்சலின் ஒரு பக்கம் செதில் போய், வெள்ளையாகப் புண். இரண்டு நாள் கவனித்தேன், அதுதான் வேலை. எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லாம் ஒழுங்காகத் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்கு இருக்கிறது, இது மட்டும் அடுத்தவன் உடம்பைச் சுரண்டித் தின்கிறதே, திருட்டு நாய் என்று அதைப் பிடித்துத் தூக்குவாளியில் போட்டேன். ஏரியில் விட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியில், சும்மா எறிவானேன், தாம்பரத்தில் மீன் கடை இருக்கிறதாமே, அங்கே கொடுத்துவிட்டு ஒழுங்கான மீன் ஒன்று வாங்கி வரலாம் என்று தோன்றியது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனேன்.

கடைக்காரர் உன் வயசுதான் இருப்பார். "இத்த வச்சிக்கினு வேற ஒன்னு குடு தம்பி, இது திருட்டு மீனு" என்றேன். அவர் வாளியில் கையை விட்டு, அதை மெதுவாகப் புரட்டி, வயிற்றை எனக்குக் காட்டினார். சொரசொரப்பான முதுகைத்தான் நான் பார்த்திருக்கிறேன், வயிற்றை ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளங்கையில் குழி விழுமே, அப்படிக் குழி விழுந்திருந்தது.

"திருடன் இல்ல பெரியவரே. பசி" என்றார்.

"பாசிய தின்னும்னாங்களே?"

"தின்னும். பாசி எங்க? தொட்டிய எப்பப்ப கழுவுறீங்க?"

"வாரா வாரம். ஒரு பொட்டு வுட மாட்டேன்."

"அப்ப அது தட்ட நீங்களே கழுவிட்டீங்க. சோறு போடறதுக்கு முன்னாடியே."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் விடவில்லை. "மத்ததுக்குப் போடறதுல மிச்சம் மீதி தின்னாதா? அழுக்கத் தின்ற மீன்தானே அது?" என்றேன். அவர் அதைத் திரும்ப வாளியில் விட்டார். "மிச்சமே இல்லியே, இன்னாத்த தின்னும்? அழுக்க தின்னாது பெரியவரே, எல்லாரும் இதையே சொல்றாங்க. மத்த மீனு பசிச்சா மேல வந்து வாயத் தொறக்கும், நமக்குத் தெரியும். இது வராது. கேக்காது. கீழயே கெடக்கும். நல்லா கீதுன்னு நெனச்சிக்குவோம். இதுக்குத் தனியா போடணும்."

தனியாக. நீ ரோட்டோரம் நின்று சொல்லவந்த அதே வார்த்தை. முழு வாக்கியமும் எனக்குத் தாம்பரத்தில் கிடைத்தது.

மீனை மாற்றவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பி வந்தேன். வண்டலூர் தாண்டும்போது உன் ஞாபகம் வந்தது என்று எழுதினால் அது சரியாக இருக்காது, கடையிலேயே வந்துவிட்டது. அவர் "கேக்காது" என்று சொன்னபோதே எனக்குப் பானை கண்ணுக்குத் தெரிந்தது. நம் வீட்டுச் சோற்றுப் பானை. இனிமேல் சொல்லப்போவதை பிலோமினாவே எழுதத் தயங்குகிறாள். "கல்யாணக் கடுதாசில இதெல்லாம் எதுக்கு?" என்கிறாள். எழுதும்மா என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று பேர், மூன்று ஷிப்டு. எனக்கு ராத்திரி டூட்டி. லூர்துவுக்கு ஜெனரல். உனக்கு முதல் ஷிப்டும் அதன் மேல் ஓ.டி.யும். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம், ஒருநாளைக்கு ஒரு வேளைதான் அடுப்பு. விடியற்காலையில் லூர்து வடித்து வைத்த சோறுதான் எல்லாருக்கும். நீ இருட்டோடு போய்விடுவாய். நான் டூட்டி முடிந்து வந்து சாப்பிட்டுத் தூங்குவேன். எழுந்து மறுபடியும் சாப்பிடுவேன். ராத்திரி கண் விழிக்கிறவனுக்குப் பசி அதிகம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். லூர்து ஐந்தரைக்கு வருவாள், அவளோடு உட்கார்ந்து இன்னும் ஒரு கை. அதன் பிறகு நான் சைக்கிளில் கிளம்புவேன். அந்த இரண்டு வருஷமும் நாம் இரண்டு பேரும் சந்தித்தது ரோட்டில்தான். ஆறேகால் மணிக்கு வல்லக்கோட்டை பிரிகிற திருப்பத்தில் நீ எதிரே வருவாய். நான் ஒரு மணி அடிப்பேன், நீ ஒரு மணி அடிப்பாய். நிற்கமாட்டோம். எனக்கு டூட்டிக்கு நேரமாகும், உனக்குப் பசிக்கும்.

ஒருநாள் டார்ச் லைட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீ அடுப்படியில் பானையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். காந்திப்போன சோறு, ஒரு கைப்பிடி இருக்கும். அதில் தண்ணீரை ஊற்றி, உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாய். "இன்னாடா, சோறு கம்மியா கீதா?" என்று கேட்டேன். நீ திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே, "இல்ல நைனா. எனுக்கு அடிச்சோறுதான் புடிக்கும்" என்றாய்.

நான் அதை நம்பவில்லை சவரி. இதுதான் நான் சொல்லவேண்டியது. நம்பினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பானை எவ்வளவு கொள்ளும், நான் எத்தனை தடவை உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாதா? நம்பவில்லை, ஆனால் எடுத்துக்கொண்டேன். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் லூர்துவிடம், "அவனுக்கு அடிச்சோறுதான் புடிக்குமாம்" என்று சொன்னேன். அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் அது வீட்டில் ஊன்றிப்போன பேச்சாகிவிட்டது. கூட ஒரு ஆழாக்கு அரிசி போடு என்று நான் சொல்லியிருக்கலாம். நானாவது இரண்டாவது தடவை உட்காராமல் இருந்திருக்கலாம். நீ கேட்கவில்லை, நானும் செய்யவில்லை.

லூர்து கல்யாணத்தில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். மறந்துவிட்டேன் என்று எழுதினாலும் நம்பமாட்டேன். கோயில் வளாகத்தில் பந்தல், நாலு பந்தி. காலையிலிருந்து நீதான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறினாய். கடைசிப் பந்தியும் முடிகிற நேரம். மாப்பிள்ளையின் பெரியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், "இன்னா சம்பந்தி, பையன் இன்னும் சாப்டலியே, கூப்புடுங்க" என்றார். நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "அவனா? அவன் அடிச்சோறு பார்ட்டிங்க. அண்டாவ சொரண்டித் தின்னாதான் அவனுக்குத் தூக்கம் வரும்." பந்தலே சிரித்தது. யாரோ அண்டாவைத் தட்டி, "வாப்பா சவரி, ஒன் பங்கு ரெடியா கீது" என்றார்கள். நீயும் சிரித்தாய். கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாய். குழாயடிக்குப் போய்க் கை கழுவினாய். சாப்பிடுவதற்கு முன்னால் கழுவுகிறாய் என்று நினைத்தேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். ஆறாம் நாள் ஓசூர். இரண்டு வருஷமாக, பையன் நல்ல வேலை கிடைத்துப் போனான் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ எனக்காகச் சொன்ன பொய்யை எடுத்து, உன்னை வைத்தே ஊரைச் சிரிக்கவைத்தேன். என் மனம் கஷ்டப்படக் கூடாது என்று நீ போட்ட ஒரு மூடியைத் திறந்து, எல்லாருக்கும் காட்டினேன். பந்தலின் அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்குத் தாம்பரம் ரயிலில் கேட்டது. மடியில் அந்த மீன் வாளியின் ஓரத்தில் வாயை ஒட்டிக்கொண்டு, அப்போதும் ஒன்றும் கேட்காமல் கிடந்தது.

இப்போது அதற்கு எப்படிப் போடுகிறேன் என்று சொல்கிறேன், நீ கேட்பாய். முன்கண்ணாடியை மட்டும்தான் துடைக்கிறேன். பின்பக்கம் பச்சை பிடித்துக் கிடக்கிறது, அது அதனுடைய பங்கு. பார்க்கிறவர்கள் என்ன பெரியவரே, இப்படிப் பாசி பிடிக்க விட்டுவிட்டீர்கள் என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். சாயந்தரம் மற்ற மீன்களுக்கு ஒரு மூலையில் தீனியைப் போடுவேன். அவை அங்கே மொய்த்து முடித்ததும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, எதிர் மூலையில் வெள்ளரித் துண்டு ஒன்றை இறக்குவேன். சில நாள் வேகவைத்த பூசணி, சில நாள் வெந்நீரில் போட்டெடுத்த கீரை. வெள்ளரி மிதக்கும், அதனால் முதலில் நீ கொண்டுவந்து வைத்திருந்த இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி இறக்கினேன். இரண்டே நாளில் துருப்பிடித்தது. பிலோமினா, "மீனுக்கு நட்டு போல்ட்டா? வாச்மேன் புத்தி போவுதா பாரு" என்று சொல்லி ஓட்டுச்சில்லு ஒன்று கொடுத்தாள். அதில் நூலால் கட்டி இறக்குகிறேன். பிறகு தொட்டிமேல் ஒரு கோணியைப் போட்டு மூடிவிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். முதல் நாலு நாள் அது வரவே இல்லை. தனக்கு என்று ஒன்று வரும் என்று அதற்குத் தெரியவில்லை. காலையில் துண்டை அப்படியே எடுத்துப் போடுவேன், ஊறவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும். ஐந்தாம் நாள் கோணியைத் தூக்கிப் பார்த்தால், துண்டின்மேல் படுத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. நான் ஒரு பாட்டுச் சத்தம்கூட இல்லாத வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். தோல் மட்டும் மிச்சம் வைத்தது, வளையல் மாதிரி. அதற்குப் பிறகு அது ஏஞ்சல் பக்கமே போகவில்லை. புண் ஆறிவிட்டது. இப்போது அந்தச் சக்கர் ஒரு ஜாண் நீளம்.

இந்த வருஷம் கண் மங்கிவிட்டது என்று கேட்டிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். போக ஓர் இடமில்லை. ஆனாலும் ஆறேகாலுக்குக் கால் தானாக அந்தத் திருப்பத்துக்குப் போகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிற்பேன். முதல் ஷிப்டு ஓ.டி. முடிந்து பையன்கள் வருவார்கள். ஒருநாள் மணி அடித்துப் பார்த்தேன். ஒரு பையன் நின்று, "இன்னா தாத்தா, வழி வேணுமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவனிடம்கூட நான் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை பார், வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தோன்றியது. இந்த வயசில் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்வது அவ்வளவு சுலபம் இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் தப்புச் செய்தவனுக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். ஸ்டெல்லாவும் ஷிப்டுக்குப் போகிறவள் என்கிறாய். உங்கள் வீட்டிலும் ஒருவர் வரும்போது ஒருவர் போவீர்கள். பானை நடுவில் இருக்கும். அவள் என்றைக்காவது, எனக்கு இதுதான் பிடிக்கும் என்று பானையின் அடியைக் காட்டினால், உடனே சரி என்று சொல்லிவிடாதே. முழுப் பானையை அவள் முன்னால் வை. அதிலிருந்து அவள் எதை எடுக்கிறாள் என்று பார். அதற்குப் பிறகு நம்பு. உனக்கும் ஒன்று சொல்கிறேன். நீயும் இனிமேல் பிடிக்கும் என்று பொய் சொல்லாதே. பசித்தால் பசிக்கிறது என்று சொல். நீ சொல்லாமல் இருந்தது என்னை நல்ல அப்பனாக வைத்துக்கொள்ளத்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் நான் நல்ல அப்பனாக ஆகவில்லை.

வசதிப்பட்டால் வரவும் என்று எழுதினாய். வருகிறேன். வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு, பிலோமினா படிப்பாள், நான் வருத்தப்படமாட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் வராமல் இருந்துவிடுவேன். கார்டு வராவிட்டால் கல்யாணத்துக்கு முதல் நாள் பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிறேன். கப்பி, மோலியையெல்லாம் பிலோமினா தன் கடையில் வைத்துக்கொள்கிறாள், டீ குடிக்க வருகிறவர்கள் பார்ப்பார்கள். சக்கரை மட்டும் தூக்குவாளியில், மூடியில் ஓட்டை போட்டு, மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். உனக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் கொண்டுவருகிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொன்றின் ஞாபகம் உனக்கு வரும். வரட்டும்.

தாம்பரம் கடைக்காரர் ஒன்று சொல்லியிருக்கிறார். மீனைத் தூரமாகக் கொண்டுபோவதானால் முதல் நாளிலிருந்து தீனி போடக் கூடாதாம். போட்டால் வழியில் தண்ணீர் கெட்டுச் செத்துவிடுமாம். அதற்குத் தெரியாது, மறுபடியும் மறந்துவிட்டான் கிழவன் என்று நினைக்கும். அதனால் நானும் அன்றைக்குச் சாப்பிடப் போவதில்லை. பிலோமினா திட்டுகிறாள், "ஏழு மணி நேர பஸ்சு, மயக்கம் போட்டு வுயுந்தீங்கன்னா மீன யாரு புடிக்கறது?" என்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன். ஓசூரில் நாங்கள் இருவரும் பசியோடுதான் இறங்குவோம். முதலில் அதற்குப் போடு, ஒரு வெள்ளரித் துண்டு வாங்கி வைத்திரு. பிறகு நீ உட்கார். கல்யாண மாப்பிள்ளை கடைசியில்தான் சாப்பிடவேண்டும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. வீட்டில் பானை வைத்துச் சோறு வடிக்கச் சொல். மேலிருந்து முதல் கரண்டியை எடுத்து நான் உனக்குப் போடவேண்டும். நீ போதும் போதும் என்று சொன்ன பிறகும் ஒன்று போடுவேன், அன்றைக்கு மட்டும் கோபப்படாதே. ஸ்டெல்லாவும் சாப்பிடட்டும். எல்லாரும் கை கழுவிய பிறகு, அந்தப் பானையின் அடியை எனக்குச் சுரண்டிப் போடு.

இத்தனை வயசுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் நைனா
(கட்டைவிரல் வைத்திருக்கிறேன்)